கண்ணுக்குக் கீழே மூன்று தவணை

மனித உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது என்பதை என் ஐம்பத்தோராவது வயதில், ஒரு சுற்றறிக்கையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தோலைச் சிலர் ஐம்பத்தோரு வருடமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. பெயர் போடவில்லை. ஆனால் படித்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை மேசையில் இருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் பார்க்கிற முகம் என்னுடையது. பதினாறு வருடம் அந்த முகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது.

“விசாரணை மேசையில் இருந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் என் தகப்பனார் பிழைக்கமாட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன். ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார். இதனால் எனக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு யார் பொறுப்பு?”

தகப்பனார் பிழைத்ததைப் பற்றி நிர்வாகம் ஒன்றும் பேசவில்லை. சங்கடத்துக்குப் பொறுப்பு யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டது. அதன் தலைவராக முகப்பு மேலாளரை நியமித்தார்கள். அதற்கு முன் அவர் வரவேற்புக் கூடத்துப் பூந்தொட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். வாடியதை எடுத்துவிட்டுப் புதிதை வைப்பதில் பதினொரு வருட அனுபவம் உள்ளவர்.

முதல் கூட்டத்தில் அவர் பேசினார்.

“ஒரு நோயாளியோட சொந்தக்காரர் உள்ள வர்றார். பயந்துபோய் வர்றார். அவருக்கு என்ன வேணும்? டாக்டரா? டாக்டர் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கமாட்டார், அதை நம்மால மாத்த முடியாது. கட்டிலா? கட்டில் கிடையாது, அதையும் மாத்த முடியாது. அவருக்கு வேண்டியது நம்பிக்கை! அந்த நம்பிக்கை எங்க இருக்கு? உங்க கண்ணுக்குக் கீழ இருக்கு! இந்த ஆஸ்பத்திரியில மாத்த முடிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அது உங்க மூஞ்சி!”

கைதட்டினோம். தட்டாதவர்களை ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் நிற அட்டை வந்தது. ஒன்பது நிறங்கள். ஒன்றாம் எண்ணுக்கு ‘விடியல்’ என்று பெயர், ஒன்பதுக்கு ‘நள்ளிரவு’. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். மேலாளர் ஒவ்வொருவர் கண்ணுக்குக் கீழேயும் அட்டையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எண்ணைச் சொல்வார். உதவியாளர் எழுதிக்கொள்வார். நான்கு வரைக்கும் முகப்பில் இருக்கலாம். ஐந்து, அதற்கு மேல் போனவர்கள் ஆறு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியின் சொந்தத் தோல் பிரிவில் மூன்று தவணை ஊசி போட்டுக்கொண்டு தேற வேண்டும். மறுத்தால் அடித்தளத்தில் கோப்பு அறைக்கு மாற்றம். அதற்கு ‘ஓய்வான சூழல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் முறை வந்தது. மேலாளர் இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்தார்.

“ஏழு. அந்தி,” என்றார்.

கோப்பு அறைக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. கோப்புகள் கேள்வி கேட்காது. ஆனால் ஆறாவது மாடியில், ஜன்னல் ஓரக் கட்டிலில் என் வீட்டுக்காரர் இருந்தார். நோயாளிகளைப் பார்க்கிற நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரைக்கும்தான். அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் மேலே போய்விடுவதால் விசாரணை மேசைக்கு அதுதான் சாப்பாட்டு நேரம். நான் சாப்பிடாமல் மேலே போவேன். கோப்பு அறைக்காரர்களுக்கோ சாப்பாட்டு நேரம் இரண்டு மணிக்கு. அதுவும் தூசி உடம்போடு நோயாளி மாடிகளுக்கு அவர்கள் போகவே கூடாது. வேலையை விட்டுவிடலாம் என்றால், ஊழியர் குடும்பம் என்ற பெயரில்தான் அந்தக் கட்டிலே கிடைத்திருந்தது.

அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். இருபத்தொன்பது வருடம் அடைத்த அறைகளுக்குள் நின்று அடித்ததில் நுரையீரல் சுருங்கிவிட்டது. மூக்கில் குழாய். ஒரு மூச்சுக்கு மூன்று நான்கு வார்த்தைதான் வரும். அதை வீணாக்கவும் மாட்டார்.

“வா மேடம்,” என்றார். நான் விசாரணை மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். “என்ன... மூஞ்சி... இப்படி?”

“அதைத்தான் அளந்து சொல்லியிருக்காங்க. ஏழாம் நம்பராம். அந்தி.”

“எத்தனை... கோட்டிங்?”

“மூணு தவணை ஊசி.”

“பிரைமர்?”

“மரத்துப்போறதுக்கு முதல்ல ஒரு கிரீம் தடவுவாங்களாம்.”

“அப்ப சரி. முறையாத்தான்... பண்றாங்க.”

சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகு நேரம் பிடித்தது. அடங்கின பிறகு சொன்னார்.

“ஒரு வீட்டுல... சீலிங் அடிச்சிட்டிருந்தேன். பக்கத்து ரூம்ல... ஒரு பெரியவர். தனியா... போயிட்டார். நான் பாட்டுக்கு... பாட்டுப் பாடிட்டு... அடிச்சிட்டே இருந்திருக்கேன்.”

“இப்ப எதுக்கு அது?”

“நர்ஸ் வேணாம். நீ... பக்கத்துல இரு. அவ்வளவுதான்.”

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தோல் பிரிவு இரண்டாவது மாடியில். அங்கிருந்த டாக்டரம்மாவுக்கு வயது சொல்ல முடியாத முகம். இருபத்தெட்டு என்றாலும் நம்பலாம், ஐம்பத்தெட்டு என்றாலும் நம்பலாம், மெழுகு என்றாலும் நம்பலாம்.

“இது பள்ளத்தை நிரப்புற ஊசி இல்லம்மா, அதெல்லாம் பழசு,” என்றார். “இது தோலுக்கு ஞாபகப்படுத்துற ஊசி. நீ ஒரு காலத்துல இளமையா இருந்தேன்னு தோலுக்குச் சொல்றோம். அது நம்பி, தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும்.”

“நம்பலைன்னா டாக்டர்?”

“அதுக்குத்தானே மூணு தடவை சொல்றோம்.”

மருந்து ஒரு மீனின் விந்திலிருந்து சுத்தம் செய்து எடுத்தது என்றும் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீனாம். அதற்குக் கருவளையம் வருமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

“எனக்கு ராத்திரியில தூக்கம் இல்ல டாக்டர். அதுக்கு ஏதாவது குடுத்தா இதுவும் தானா சரியாயிடாதா?”

“தூக்கம் வேற டிபார்ட்மெண்ட்,” என்றார்.

சம்மதப் படிவத்தில் பதினான்கு விதிகள். ஒன்பதாவது: ஊசிக்குப் பின் எழுபத்திரண்டு மணி நேரம் கண்ணைக் கசக்கக் கூடாது, குனியக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது, அழக் கூடாது, தவிர்க்க முடியாத துக்கம் இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும். பதினொன்றாவது: அந்த எழுபத்திரண்டு மணி நேரமும் ஊழியர் முகப்பிலோ நோயாளி மாடிகளிலோ தென்படக் கூடாது, கதவுகளையும் லிஃப்டையும் திறக்கிற அவருடைய பாஸ் நிறுத்தி வைக்கப்படும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலாளரிடம் போனேன்.

“வீங்கின மூஞ்சியோட நோயாளி முன்னாடி போய் நின்னா என்ன நினைப்பாங்க?” என்றார். “இவங்க ஆளுங்களுக்கே இந்தக் கதின்னா நமக்கு என்ன கதின்னு நினைக்கமாட்டாங்களா?”

“என் வீட்டுக்காரர் நினைக்கமாட்டார் சார்.”

“அவர் நோயாளியா, இல்லையா?”

“நோயாளிதான்.”

“அப்ப நினைப்பார்.”

கையெழுத்துப் போட்டேன். போட்டால் மூன்று தவணைக்கு ஒன்பது நாள் அவரைப் பார்க்க முடியாது. போடாவிட்டால் ஒரு நாளும் முடியாது. இதைத்தான் அந்தப் படிவத்தின் தலைப்பில் ‘தன் விருப்பத்தின் பேரில்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

முதல் தவணை. ஒவ்வொரு கண்ணுக்குக் கீழேயும் எட்டுக் குத்து. மயிர் போன்ற ஊசிதான். ஆனாலும் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் ஓர் ஊசி வரும்போது உடம்பு முழுக்கக் கண்ணாகிவிடுகிறது. முடிந்து எழுந்தபோது, கொசுக்கள் வரிசையில் நின்று ஒழுங்காகக் கடித்துவிட்டுப் போனதுபோல எட்டு எட்டு மேடு. ஓரிரு நாளில் அமுங்கிவிடும் என்றார் டாக்டர். விதி என்னவோ மூன்று நாள்.

அந்த மூன்று நாளும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பணி நேரம் முழுக்கத் தேறும் அறையில் உட்கார வேண்டும். அது தோல் பிரிவின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடியும் கிடையாது; பார்த்தால் அழுகை வருமாம். ஏழு பேர் இருந்தோம். மணிக்கொரு தரம் ஒரு பெண் குறிப்பு அட்டையோடு வந்து எங்களை உற்றுப் பார்த்து ‘சிரிப்பு இல்லை, கண்ணீர் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவாள். சவக்கிடங்கில் வேலை செய்கிறவர் ஒருவரையும் அனுப்பியிருந்தார்கள்.

“என்னைப் பார்க்கிறவங்க யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்லையேன்னு கேட்டேன்,” என்றார் அவர். “அவங்க சார்பா நாங்க யோசிக்கிறோம்னு சொல்லிட்டாங்க.”

மருந்துக் கடைப் பெண் சிரித்துவிட்டாள். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

பன்னிரண்டு மணி அடிக்கும்போது நான் கூரையைப் பார்ப்பேன். எனக்கும் அவருக்கும் நடுவே மூன்று மாடிகள். மேலே கட்டில் நகர்த்துகிற சத்தம் கேட்டால் அவருடைய கட்டிலாக இருக்குமோ என்று தோன்றும். அது மூன்றாவது மாடிச் சத்தம் என்பது தெரிந்தும் தோன்றும்.

நான்காம் நாள் போனபோது மூக்குக் குழாய் போய் முகமூடி வந்திருந்தது. விரலால் மூன்று காட்டினார்.

“ஆமாங்க, மூணு நாள். எண்ணிட்டு இருந்தீங்களா?”

“வேற... என்ன வேலை?”

அடுத்த திங்கட்கிழமை மேலாளர் அட்டையைப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்துபோனார். “ஆறு! மாலை! அந்தியிலருந்து மாலைக்கு வந்துட்டீங்க. பின்னால போறதுதாம்மா முன்னேற்றம்!”

இரண்டாவது தவணையும் முடிந்தது. இன்னொரு மூன்று நாள் போனது. திரும்பிப் போனபோது அவருடைய கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது; பேச்சு வரவில்லை. அட்டையில் நான் மறுபடி ஆறு. தோல் நம்பத் தயாராகத்தான் இருந்திருக்கும். பகலில் டாக்டர் சொன்னதை இரவில் நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி மனுப் போட்டேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்தார்கள். நடுவில் மேலாளர்.

“உங்க சோர்வு வேலையால வந்ததா, சொந்தமா?” என்றார் முதலாமவர்.

“வீட்டுக்காரர் சாகக் கிடக்கிறார் சார்.”

“சொந்தம்னு போட்டுக்குங்க,” என்றார் மேலாளர். “சொந்தச் சோர்வை வேலைக்குக் கொண்டு வர்றது, வீட்டுக் குப்பையை இங்க வந்து கொட்டுற மாதிரி. நாங்க அதைக் கூட்டிப் பெருக்கியும் விடறோம், ஊசி போட்டு. வேற எந்த ஆஸ்பத்திரி செய்யும்?”

“எவ்வளவு நாள் தள்ளணும்?” என்றார் மூன்றாமவர். அவர் கொஞ்சம் நல்லவர் போலத் தெரிந்தார்.

“அவர் இருக்கிற வரைக்கும் சார்.”

“அது எப்ப வரைக்கும்?”

எனக்குப் புரியவில்லை.

“உத்தேசமா ஒரு தேதி சொன்னா போதும்மா,” என்றார் அன்போடு. “முன்னப்பின்ன ரெண்டு நாள் இருக்கலாம். தேதி இல்லாம எப்படித் தள்ளி வைக்கிறது?”

நான் தேதி சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது. ‘தங்கள் சோர்வு சொந்தச் சோர்வு’ என்று கடிதம் வந்தது. மூன்றாவது தவணை வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. வராவிட்டால் பதினொன்றரைக்குப் பாஸ் ரத்தாகும்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆறாவது மாடி நர்ஸ் என் மேசைக்கு ஃபோன் பண்ணினாள்.

“அக்கா, டாக்டர் பார்த்துட்டுப் போனார். இன்னைக்குப் பொழுது தாண்டாதுன்னார்.”

“இப்ப வரட்டுமா?”

“பன்னெண்டுக்கு முன்னாடி விட்டா என் வேலை போயிடும்க்கா. பன்னெண்டுக்கு டாண்ணு வந்துடுங்க.”

நான் ஒரு கணக்குப் போட்டேன். ஊசிக்குப் போகாவிட்டால் பதினொன்றரைக்குப் பாஸ் போய்விடும். ஊசிக்குப் போனால், போட்ட விவரத்தை டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் பாஸ் நிற்கும். எதையும் மறுநாள் ஏற்றுவதுதான் அந்த ஆஸ்பத்திரியின் பழக்கம். ஆகவே போட்டுக்கொண்டு, மேடுகளை முந்தானையால் மறைத்து, பன்னிரண்டுக்கு மேலே போய்விடலாம்.

பதினாறாவது குத்து முடிந்ததும் டாக்டரம்மா கையுறையைக் கூடக் கழற்றாமல் ஒரு பொத்தானை அழுத்தினார். “ஏத்தியாச்சும்மா,” என்றார். பதினாறு வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் சரியான நேரத்துக்கு நடந்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான்.

தேறும் அறையில் உட்கார்ந்தேன். பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. பன்னிரண்டு ஐந்து. கதவைத் திறந்துகொண்டு டிஸ்சார்ஜ் அக்கா வந்தார். வெளியே போகிற நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகும். குரல் கொஞ்சம் பெரியது.

“இங்க என்னடி பண்ற, முட்டை மேல கோழி மாதிரி? மேல இருந்து ரெண்டு தடவை ஃபோன் வந்துடுச்சு! உன் ஆளு கதவையே பார்த்துட்டு இருக்காராம்!”

அந்த மணிக் குறிப்புக்கு வந்திருந்த அட்டைக்காரி குறுக்கே நின்றாள். “மேடம், வெளிய போகக் கூடாது. கண் கலங்குது, நான் எழுத வேண்டியிருக்கும்...”

“எழுது. நல்லா எழுது. பேனா வேணுமா?” என்றார் அக்கா.

ஓடினோம். லிஃப்டில் பாஸை வைத்தேன். சிவப்பு விளக்கு. படிக்கட்டுக் கதவிலும் சிவப்பு. அக்காவின் பாஸ் தரைத்தளத்துக்கும் இரண்டாவது மாடிக்கும்தான் வேலை செய்யும்.

“பார்வையாளர் சீட்டு வாங்கிக்கோ. அதுக்கு எந்தக் கதவும் தொறக்கும்.”

கீழே இறங்கி என் சொந்த மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். பதினாறு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை. மேசை நான் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தது. என் நாற்காலியில் ஒரு புதுப் பெண். இரண்டாம் எண், இளவெயில். விடாமல் புன்னகைக்கப் பழக்கியிருந்தார்கள்.

“ஆறாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். நான் சம்சாரம். சீக்கிரம்மா.”

விரல்கள் தட்டின. புன்னகை மாறவில்லை. “உங்களை ஊழியர்னு காட்டுது மேடம். ஊழியருக்குப் பார்வையாளர் சீட்டு வராது. பாஸ்ல போங்க.”

“பாஸை நிறுத்திட்டாங்க.”

“நிறுத்தினாலும் ஊழியர்தான் மேடம்.”

கடிகாரம் பன்னிரண்டு பதினாறு. பின்னால் நின்றவர் தோளில் இடித்தார். மேலாளர் கூடத்தின் மறுமுனையிலிருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு விரைவாக வந்துகொண்டிருந்தார். வரும்போதே ஒரு பூந்தொட்டியை என் முன்னால் நகர்த்தி வைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

“வேலைய விடு,” என்றார் டிஸ்சார்ஜ் அக்கா.

“என்னக்கா?”

“ராஜினாமா எழுது. ஊழியர் இல்லைன்னா பார்வையாளர்தானே.”

“கட்டில் போயிடுமேக்கா. டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்களே.”

அக்கா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “யாருடி டிஸ்சார்ஜ் பண்றது? நான்தானே! நாலு கையெழுத்து, ஆறு முத்திரை. பன்னெண்டு வருஷத்துல ஒருத்தரும் அஞ்சு மணி நேரத்துக்குள்ள இந்த வாசலைத் தாண்டினதில்ல. குணமானவனையே நாங்க லேசுல விடமாட்டோம். உன் புருஷனை விட்டுடுவோமா? எழுதுடி!”

பார்வையாளர் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். தாளை வாங்கிப் படித்தார். அவசரத்தில் எழுத்து கோணியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினார்.

“மூணாவது தவணையும் போட்டாச்சு. இப்ப விட்டுட்டுப் போறீங்களே, மருந்து வீணாப் போச்சே,” என்றார்.

“கையெழுத்துப் போடுங்க சார். மணி பன்னெண்டே கால் தாண்டியாச்சு.”

“ஒரு ஊழியரை இழக்கறது நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய வலி தெரியுமா?” பேனாவைத் திறந்தார். மூடினார். யோசித்தார். “நீங்க இப்ப ஆறு, இல்ல?”

“ஆறு.”

“ஆறு போனா முகப்போட சராசரி நாலுக்குக் கீழ வந்துடும்.” முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். “போய்ட்டு வாங்கம்மா. எங்க இருந்தாலும் நல்லாத் தூங்குங்க.”

பன்னிரண்டு இருபத்தெட்டுக்குச் சீட்டு வந்தது. பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு நான் ஆறாவது மாடியில் இருந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. ஏறின படிகள் ஒன்றும் நினைவில் இல்லை.

அவர் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன். குனியக் கூடாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முகமூடிக்கு மேலே அவர் கண்கள் என் முகத்தில் மெல்ல நகர்ந்தன. ஒரு சுவரைப் பார்க்கிறபோது அப்படித்தான் பார்ப்பார், மேலிருந்து கீழாக. முகமூடியை விலக்கச் சொல்லி விரலை அசைத்தார். விலக்கினேன்.

“யாரு... பட்டி பார்த்தது?”

“தோல் டாக்டர்.”

“தேய்க்கவே... இல்லை. மேடு மேடா... விட்டுட்டான்.”

சிரித்துவிட்டேன். மேடுகள் பதினாறும் சுரீரென்று வலித்தன. அந்த வலியில் அழுகை வந்தது. முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தை அவர் பக்கத்திலிருந்து திருப்பவில்லை. வழிந்தது வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணிக்கு நர்ஸ் வந்து நின்றாள். வாயைத் திறக்க அவளுக்கு மனமில்லை என்று தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது. அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“அந்தக் கட்டிலுக்கு டிஸ்சார்ஜ் ஓடிட்டிருக்கு. டிஸ்சார்ஜ் ஓடும்போது வீட்டு ஆள் ஒருத்தர் கட்டாயம் பக்கத்துல இருக்கணும். விதி இருபத்திரண்டு. இல்லாமப் போனா நீதான் பதில் சொல்லணும்.”

நர்ஸ் ஃபோனை வைத்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சாய்மானம் உள்ள நாற்காலி.

ஒன்றே முக்காலுக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முத்திரை தலைகீழாக விழுந்துவிட்டதாம். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இரண்டேமுக்காலுக்கு, முத்திரை மை வறண்டுவிட்டதாம். கிடங்குக்கு ஆள் போயிருக்கிறதாம். இன்னொரு முறை, கோப்பு தவறுதலாகச் சவக்கிடங்குக்குப் போய்விட்டது, அங்கிருக்கிறவர் அதைத் திரும்பக் கொடுக்க எழுத்துமூலம் கேட்கிறார் என்றார். பதினாறு வருடம் நான் அந்தத் தாமதங்களுக்காக ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு முத்திரைக்கும் அவர் மூச்சுக்கும் நடுவே உட்கார்ந்து, இன்னும் ஒன்று தவறிப்போகட்டும், இன்னும் ஒன்று, என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் எண்ண ஆரம்பித்தேன். எட்டு வரை எண்ணுவேன், ஒரு மூச்சு வரும். பிறகு பதினொன்று. பிறகு பதினைந்து. என் கட்டை விரலை அவர் பிடித்திருந்தார். மூன்று ஐம்பதுக்கு நான் இருபது வரை எண்ணி, முப்பது வரை எண்ணி, அப்புறம் எண்ணுவதை நிறுத்தினேன்.

நர்ஸ் வந்து பார்த்தாள். கடைசி முத்திரைக்கு மட்டும் நோயாளி மாடி வரை அனுமதி உண்டு என்பதால், கொஞ்ச நேரத்தில் டிஸ்சார்ஜ் அக்காவும் கோப்போடு ஏறி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார். கோப்பைத் தன் முழங்கையில் வைத்து ஏதோ எழுதி, ஆறாவது முத்திரையை அழுத்தினார்.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. நர்ஸின் குறிப்பேட்டில் அவர் இறந்திருந்தார். அக்காவின் கோப்பில் அவர் வீட்டுக்குப் போயிருந்தார். டிஸ்சார்ஜ் பன்னிரண்டு இருபத்தெட்டுக்கே தொடங்கிவிட்டதால் முதலில் தொடங்கியதுதான் செல்லும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. விசாரிக்கப் போனபோது மேலாளர் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“எங்க பக்கமும் யோசிச்சுப் பாருங்கம்மா. இந்த மாசம் ஆறாவது மாடியில சாவு ஒண்ணு குறைஞ்சிருக்கு. எத்தனை பேர் உழைப்பு அது!”

அச்சடித்துக் கொடுத்த தாளில், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கிற வரிதான் இருந்தது. நேரம் மட்டும் அக்காவின் கையெழுத்தில். ‘நோயாளி தேறிய நிலையில், மனைவியின் துணையுடன், பிற்பகல் 3.50 மணிக்குப் புறப்பட்டார்.’

அதைத் திருத்தித் தரச் சொல்லி மூன்று மாதம் நடந்தேன். ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று, பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். கடைசியில் ஒருநாள் ஒப்புக்கொண்டார்கள். ‘இறந்தார்’ என்று ஒரே சொல்லில் புதுத் தாள் தயாராக இருந்தது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அதைத் தருவோம் என்றார்கள்.

பையிலிருந்து பழைய தாளை எடுத்தேன். அங்கேயே நின்று இன்னொரு முறை படித்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.